செட்டிநாட்டு வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் பழுதுக்கு யாரிடம் போவது?

காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் மூன்று குடும்பங்கள் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டில் இரண்டு பெரிய கோளாறுகள். கழிவுநீர்த் தொட்டி விரிசல் விட்டு, மழை பெய்தால் முற்றத்து ஆத்தங்குடிக் கல்லின் இடுக்கில் கறுப்புத் தண்ணீர் ஊறும். குடத்தைக் கீழே வைக்க முடியாது. கிணறு அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்தது வயரிங். மரப்பட்டிக்குள் துணி சுற்றிய பழைய வயர், எர்த் கிடையாது. ஒருநாள் ஃப்ரிட்ஜைத் தொட்ட என் பையனுக்கு ஷாக் அடித்து, கை சுண்டிப்போய் அலறினான். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி வாய்ப்பேச்சு இல்லை என்று.

இந்தப் பக்கத்து வீடுகளில் முதல் சிக்கலே உரிமையாளர் யார் என்பதுதான். எங்கள் வீட்டுக்கு ஐந்து பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். வாடகையை கணக்கப்பிள்ளை அண்ணன் வாங்கி பங்காளிகளில் ஒருவரின் வங்கிக் கணக்கில் போடுவார். கேட்டால், "பொதுச்செலவும்மா, அஞ்சு பேரும் கூடிப் பேசணும்" என்பார். ஐந்து பேரும் கூடுவது கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான்.

முதலில் கழிவுநீர்த் தொட்டிக்காக மாநகராட்சிக்குப் போனேன். "வீட்டுக்காரர் பழுது பார்ப்பதில்லை" என்று எழுதினால், அது உங்களுக்குள் உள்ள விவகாரம் என்று திருப்பிவிடுவார்கள் என்று பக்கத்துத் தெரு அத்தாச்சி சொல்லியிருந்தார். அதனால் மனுவில் வாடகைப் பேச்சே எடுக்கவில்லை. கழிவுநீர் கசிவு, கிணற்றுக்கு ஆபத்து, கொசு, பொது சுகாதாரக் கேடு. இவ்வளவுதான் எழுதினேன். கசிவின் படங்கள், சொத்து வரி ரசீது நகல் இரண்டையும் இணைத்தேன். ரசீதில் உள்ள பெயருக்கும் வரிவிதிப்பு எண்ணுக்கும்தான் அவர்கள் நோட்டீஸ் அனுப்புவார்கள் என்பதால் அந்த நகல் முக்கியம்.

சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்தார். 1939ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டப்படி, சுகாதாரக் கேட்டை நீக்கச் சொல்லி உள்ளாட்சி நோட்டீஸ் கொடுக்கலாம். கட்டடத்தின் கோளாறால் வந்த கேடு என்றால் நோட்டீஸ் உரிமையாளருக்குத்தான், குடியிருப்பவருக்கு அல்ல. செய்யாவிட்டால் உள்ளாட்சியே வேலையை முடித்துச் செலவை அவரிடம் வசூலிக்கலாம். எங்கள் விஷயத்தில் அதுவரை போகவில்லை. நோட்டீஸ் கதவில் ஒட்டியதும் பங்காளிகள் போனிலேயே கூடிவிட்டார்கள். கொத்தனார் வந்தார், தொட்டியைப் புதிதாகக் கட்டினார்கள்.

வயரிங் விஷயம் மாநகராட்சியில் நடக்கவில்லை. மின்வாரியத்தில் கேட்டபோது மீட்டர் வரைதான் தங்கள் பொறுப்பு என்றார்கள். அங்கேதான் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் கைகொடுத்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்து, பழைய 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அதன் இரண்டாம் அட்டவணையில் யார் எதைச் செய்ய வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, உள்ளும் வெளியும் மின் வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, சாக்கடை அடைப்பு எடுப்பது நம் பொறுப்பு. பங்காளிக் குழப்பத்துக்கும் அதிலேயே வழி இருந்தது. வாடகையை வாங்குகிறவர்தான் அந்தச் சட்டத்தின் கண்ணில் வீட்டுக்காரர். ஐந்து பேரைத் தேட வேண்டியதில்லை.

வாடகைப் பணம் யார் வங்கிக் கணக்கில் போகிறதோ அந்தப் பங்காளிக்கு, அட்டவணையைக் குறிப்பிட்டு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினோம். "முடியாது, வேணும்னா காலி பண்ணுங்க" என்று பதில் வந்தது. அப்படி நினைத்தபடி காலி செய்யச் சொல்ல முடியாது. சட்டம் சொல்லும் காரணம் இருக்க வேண்டும், வாடகை நீதிமன்ற உத்தரவும் வேண்டும். வீட்டுக்காரர் மறுத்தால் நாமே வேலையைச் செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் போட்டு, வயர் மாற்றி, ஷாக் அடித்தால் டிரிப் ஆகும் பிரேக்கரும் மாட்டினோம். பில் நகலை வாடகையோடு சேர்த்தே கொடுத்தோம்.

கோபத்தில் மோட்டார் அறையைப் பூட்டிவிட்டார்கள். தண்ணீர், மின்சாரத்தை நிறுத்துவது அந்தச் சட்டத்தில் தனிக் குற்றச்சாட்டு. அதற்கு வாடகை அதிகாரியிடம் மனுச் செய்ய வேண்டும். எங்கள் வாடகை ஒப்பந்தம் முன்பே அந்த அதிகாரியிடம் இணையத்தில் பதிவாகியிருந்தது. கணவரின் அலுவலகத்தில் வாடகைப்படிக்காகப் பதிவு எண் கேட்டதால் செய்தது. பதினொரு மாத ஒப்பந்தம்தானே, பதிவு எதற்கு என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். இந்தச் சட்டத்தில் கால அளவு பார்ப்பதில்லை, எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும். பதிவு எண்ணோடு மனு கொடுத்துவிட்டோம் என்று தெரிந்ததுமே கணக்கப்பிள்ளை அண்ணன் சாவியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை, பங்காளிகள் சொன்னதைச் செய்கிறவர்.

எனக்கு ஆற்றாமை ஒன்றுதான். யாராவது மனு கொடுத்தால்தான் அதிகாரிகள் வருகிறார்கள். மனு எழுதத் தெரியாத, காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று பயப்படுகிற எத்தனையோ குடும்பங்கள் பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை வீடுகளின் பின்கட்டுகளில் இருக்கின்றன. மழைக்கு முன்பு ஒருமுறையாவது உள்ளாட்சியே இந்த வீடுகளைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

எங்கள் அடுப்படிக்கு மேல் உத்தரம் ஒன்று உளுத்திருக்கிறது. அது கட்டடப் பழுது, வீட்டுக்காரர் கணக்கு. கடிதம் போய்ச் சேர்ந்து ஒப்புகை அட்டையும் வந்துவிட்டது. ஐப்பசிக்குள் ஆசாரி வரவில்லை என்றால் அடுத்த மனு எழுத வேண்டும்.