குறைவாகப் பேசுகிறவளின் ஆளுமைத் தேர்வு

10 பிப்ரவரி 2025, திங்கள்

யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வின் கடைசிக் கட்டமான ஆளுமைத் தேர்வுக்கு, அதாவது நேர்முகத்துக்கு, தேதி வந்துவிட்டது. மார்ச் 18, முற்பகல் அமர்வு. எழுத்துத் தேர்வுக்கு 1750 மதிப்பெண், இதற்கு 275. தனியாக உட்கார்ந்து எழுதுவது எனக்குப் பாரமாக இருந்ததில்லை. தலைவரும் உறுப்பினர்களுமாக ஐந்து பேர் முன்னால் அரை மணி நேரம் பேசுவதுதான் பயமாக இருக்கிறது. வீட்டுக்கு ஆள் வந்தாலே உள்ளறைக்குப் போய்விடுகிற சுபாவம். அது ஒரு மாதத்தில் மாறாது. மாற வேண்டும் என்றும் தோன்றவில்லை.

14 பிப்ரவரி

சென்னையில் மாதிரி நேர்முகம். பதில்களில் குறையில்லை, கலகலப்பு போதாது என்றார்கள். அது நாள் முழுக்க மனதை அரித்தது.

இரவு தேர்வு அறிவிக்கையை எடுத்து மறுபடி படித்தேன். இது குறுக்கு விசாரணை அல்ல, இயல்பாகவும் ஒரு நோக்கத்தோடும் நடக்கும் உரையாடல் என்று அதிலேயே இருக்கிறது. மன விழிப்பு, தெளிவாகவும் தர்க்கத்தோடும் எடுத்துச் சொல்வது, நிதானமான முடிவு, ஆர்வங்களின் ஆழம், நேர்மை என்று பார்க்கப்போகும் குணங்களையும் சொல்லியிருக்கிறார்கள். கலகலப்பு அதில் இல்லை. ஆனால் மக்களை இணைப்பதும் தலைமைப் பண்பும் இருக்கின்றன. என் உழைப்பு அங்கேதான் போக வேண்டும்.

23 பிப்ரவரி, ஞாயிறு

விண்ணப்பத்தில் நான் எழுதிய ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வி. ஊர் உடுமலைப்பேட்டை என்றால் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால், அதற்காக 1970-இல் கேரளத்தோடு போட்ட ஒப்பந்தம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, காற்றாலைகள். பொழுதுபோக்கு பறவை நோக்கல் என்றால் திருப்பூர் நஞ்சராயன் குளம். போன ஆகஸ்டில்தான் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. முதலில் எழுதிப் பார்க்கிறேன், அப்புறம் தாளை மூடிவிட்டு வாய்விட்டுச் சொல்கிறேன். மனப்பாடம் செய்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று குறிப்புச் சொற்கள் போதும்.

சாயங்காலம் அப்பாவிடம் காற்றாலை பற்றிச் சொல்லிக் காட்டினேன். "ஏங்கண்ணு, காத்தாடிக்கு நெலத்தக் குடுத்துட்டா, மிச்சக் காட்டுக்கு வண்டிப்பாதை யாரு விடுவாங்க?" என்று கேட்டார். எந்தப் பயிற்சித் தாளிலும் இந்தக் கேள்வி இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் போய் விசாரித்தேன். ஒவ்வொருவராகப் பேசும்போது எனக்குத் தயக்கமே வரவில்லை. நான் காது கொடுத்துக் கேட்கிறேன் என்று தெரிந்ததும் அவர்களே விவரமாகச் சொன்னார்கள். தலைமைப் பண்பு பற்றிக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: முதலில் எல்லோரையும் கேட்பேன், அப்புறம் முடிவெடுப்பேன்.

5 மார்ச்

முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியதால் நேர்முகத்துக்கும் தமிழையே தேர்ந்தெடுத்திருக்கிறேன். அறையில் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். நீளமாகப் பேசினால் அவர் கையில் பாதி நழுவிவிடும். அதனால் சின்னச் சின்ன முழு வாக்கியங்களாகப் பேசிப் பழகுகிறேன். எனக்கு வருவதும் அப்படித்தான். அவர் கேள்வியைத் தமிழில் சொல்லும் நேரத்தில் யோசிக்கவும் இடம் கிடைக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சட்டென்று சொல்லவும் பழகிக்கொண்டேன்.

17 மார்ச், டெல்லி

கேரளா எக்ஸ்பிரஸில் வந்து ஆர்.கே.புரத்தில் சித்தி வீட்டில் இருக்கிறேன். அசல் சான்றிதழ்களை எல்லாம் சரிபார்த்து வைத்தாயிற்று. மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற அதிகாரியை வரச்சொல்லிக் கொஞ்சம் கேள்வி கேட்கச் சொல்லட்டுமா என்றார் சித்தி. "வேண்டாம் சித்தி, பேச்சை நாளைக்கு மிச்சம் வைக்கிறேன்" என்றேன். சரி என்று தோசை வார்க்கப் போய்விட்டார்.

நாளை ஒன்பது மணிக்கு யுபிஎஸ்சி அலுவலகமான தோல்பூர் ஹவுஸில் இருக்க வேண்டும். எட்டு மணிக்கே ஆட்டோ சொல்லியிருக்கிறது.