அமெரிக்க விசாவை வைத்து அப்பா அம்மாவோடு சிங்கப்பூர் போய் வந்தோம்

அண்ணன் அமெரிக்காவில் இருப்பதால் அப்பா, அம்மா, நான் மூவருக்கும் பத்து வருட அமெரிக்க விசா ஏற்கெனவே இருந்தது. சிங்கப்பூரில் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்ததும் பார்க்கக் கிளம்பினோம். "அமெரிக்க விசா இருந்தா சிங்கப்பூருக்குத் தனியா விசா வேண்டாமாம்" என்று திருமங்கலத்தில் தெரிந்தவர்கள் பலர் சொன்னார்கள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாமல் டிக்கெட் போட்டால் மதுரை விமான நிலையத்திலேயே திரும்ப வேண்டியதுதான். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அப்படி நிற்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூர் தருவது வழியில் தங்கிப் போவதற்கான சலுகை. வேறொரு நாட்டுக்குப் போகும்போதோ, அங்கிருந்து ஊர் திரும்பும்போதோ இந்தியர்கள் 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் அங்கே இருக்கலாம். மதுரையிலிருந்து போய்விட்டு நேராக மதுரைக்கே திரும்புவது இதில் சேராது. மூன்றாவதாக ஒரு நாடு பயணத்தில் இருக்க வேண்டும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இவற்றில் ஏதாவது ஒரு நாட்டின் விசா, சிங்கப்பூரில் இறங்கும் நாளிலிருந்து ஒரு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். 96 மணி நேரத்துக்குள் கிளம்புவதற்கு உறுதியான டிக்கெட்டும் கையில் இருக்க வேண்டும்.

அந்த மூன்றாவது நாட்டுக்கு நாங்கள் மலேசியாவைப் பிடித்தோம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை அங்கே விசா இல்லாமல் போகலாம். பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டுமென்று அம்மாவுக்கு வெகுநாள் ஆசை வேறு. மதுரையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து கோலாலம்பூர், அப்புறம் திருச்சி என்று டிக்கெட் போட்டோம். "பஸ்ஸிலயே ஜொகூர் போயிரலாமே மச்சான், காசு மிச்சம்" என்றார் மாப்பிள்ளை. ஜொகூர் சிங்கப்பூரை ஒட்டியிருக்கும் மலேசியப் பகுதி. ஆனால் இந்தச் சலுகையில் வருபவர்கள் விமானத்திலோ கப்பலிலோதான் கிளம்ப வேண்டும். டிக்கெட் விலை கூடினாலும் விமானமே என்று முடிவு செய்தோம்.

என் மனைவிக்கு அமெரிக்க விசா கிடையாது. கணவனிடம் இருப்பது மனைவிக்குச் செல்லாது, சலுகை ஆளுக்கு ஆள் தனி. அதனால் அவளுக்கு மட்டும் தங்கச்சி கொடுத்த அழைப்புக் கடிதத்தோடு, அனுமதி பெற்ற ஏஜென்ட் மூலம் வழக்கமான சிங்கப்பூர் விசா எடுத்தோம். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி, ஏஜென்ட் கூலி தனி.

மதுரை செக்-இன் கவுன்டரில்தான் கொஞ்சம் பதற்றம். "சார், இவங்க மூணு பேருக்கும் சிங்கப்பூர் விசா எங்க?" என்று அந்தப் பெண் கேட்டதும் அம்மா முகம் வாடிவிட்டது. அமெரிக்க விசா இருக்கும் பக்கம், கோலாலம்பூர் டிக்கெட், திருச்சி டிக்கெட், சிங்கப்பூர் குடிநுழைவுத் துறை இணையதளத்தில் விதி இருக்கும் பக்கம், எல்லாவற்றையும் ஆளுக்கு ஒரு கோப்பாக அச்செடுத்து வைத்திருந்தேன். அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார். மேலதிகாரி தேதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு, "சரி, போடுங்க" என்றார். செல்போனில் தேடிக் காட்டலாம் என்று நினைக்காதீர்கள், பின்னால் வரிசை நிற்கும்போது காகிதம்தான் கைகொடுக்கும்.

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வருகை அட்டையை இணையத்தில் தனித்தனியாக நிரப்ப வேண்டும். பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் செய்தால் போதும். இரண்டுமே இலவசம். காசு கேட்கும் தளம் வந்தால் உடனே மூடிவிடுங்கள்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் அப்பாவிடம் எங்கே தங்குகிறீர்கள், எப்போது கிளம்புகிறீர்கள் என்று மட்டும் கேட்டார்கள். உள்ளே விடுவதா என்பது அந்த அதிகாரியின் முடிவுதான், எந்த டிக்கெட்டும் அதற்கு உத்தரவாதம் இல்லை. 96 மணி நேரத்தைக் கடைசி நிமிடம் வரை இழுக்காமல், விமானம் தாமதமானாலும் சமாளிக்கும்படி அரை நாளாவது மிச்சம் விட்டு டிக்கெட் போடுங்கள். விதிகள் மாறக்கூடியவை. பணம் கட்டுவதற்கு முன் சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.