சும்மாடு இல்லாத கூடை

ஜூன் 14, 2020, ஞாயிறு

மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்ததிலிருந்து எங்கள் வாசகர் வட்டம் கூடவே இல்லை. மதுரையில் ஒரு மாடி அறையில் மாதம் ஒருமுறை இருபது பேர் உட்காருவோம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி வந்த புது நூல்கள் பேச ஆளில்லாமல் கிடக்கின்றன. சரி, இரண்டு வாரத்துக்கு ஒருவராக அந்த எழுத்தாளர்களை ஜூமில் அழைப்போம் என்று முடிவெடுத்தோம்.

இன்று முதல் கூட்டம், ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு. இலவசக் கணக்கு என்பதால் 40 நிமிடத்தில் அறுந்துவிட்டது. அதே இணைப்பில் மறுபடி வரச் சொன்னோம். 34 பேரில் 19 பேர் வந்தார்கள். எனக்கு வருத்தமில்லை, கேள்விகள் அந்த 19 பேரிடம்தான் இருந்தன. அரங்கக் கூட்டத்தில் வாழ்த்துரை ஐந்து, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து எழுத்தாளர் ஏற்புரைக்கு எழும்போது பாதிப் பேர் பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்பார்கள். இன்று அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தன் கதைகளைப் பற்றி மட்டுமே பேசினார். ஒரு கதையின் முடிவை நான்கு முறை மாற்றியதையும், ஏன் மாற்றினார் என்பதையும் சொன்னார். ஒரு புது நூலுக்குச் செய்யக்கூடிய மரியாதை இதுதான்.

ஜூன் 25, வியாழன்

நேற்றிலிருந்து மதுரையில் மறுபடி முழு ஊரடங்கு. ஞாயிற்றுக்கிழமை பேச வேண்டிய கவிதை நூல் எங்களில் ஆறு பேரிடம்தான் இருக்கிறது. குழுவில் பிடிஎஃப் கேட்கிறார்கள். பதிப்பாளரிடம் பேசினேன். 300 பிரதி அடித்ததில் பாதி இன்னும் கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறதாம். அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும் நிற்கிறது. ஐந்து கவிதைகளை மட்டும் பகிர ஒப்புக்கொண்டார். முழு நூலை யாரும் சுற்றுக்கு விடக் கூடாது என்று குழுவில் கொஞ்சம் கடுமையாகவே எழுதினேன். வாங்கிப் படிப்பவர்களை நம்பித்தானே அவர் அடுத்த நூலைப் போட முடியும்.

ஜூன் 28, ஞாயிறு

கவிஞர் டொராண்டோவில் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர். நமக்கு மாலை 7 மணி என்றால் அங்கே காலை 9.30. சிங்கப்பூரிலிருந்து வந்தவருக்கு இரவு 9.30. அவர் முதல் கவிதையை வாசித்து முடித்ததும் ஒரு சத்தமும் இல்லை. எல்லோரையும் மியூட்டில் போட்டிருந்தேன். "கேக்குதோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைத் தைத்தது. உடனே எல்லா மைக்கையும் திறந்துவிட்டேன். குக்கர் விசில், குழந்தை அழுகை, யார் வீட்டிலோ டிவிச் செய்தி என்று எல்லாம் வந்தது. வரட்டும். அடுத்த கவிதை முடிந்தபோது யாரோ "ம்" என்றது எனக்கே கேட்டது, அவருக்கும் கேட்டிருக்கும்.

ஜூலை 12, ஞாயிறு

இந்த மாதம் ஞாயிறுகளில் தளர்வே இல்லை. தெருவில் ஒரு வண்டிச் சத்தம் கிடையாது.

இன்று தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றிய நாவல். எழுதியவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. மூன்று பெண்கள் பாத்தியிலிருந்து உப்பை அள்ளிக் கூடையில் நிரப்பித் தலையில் ஏற்றிக்கொண்டு அம்பாரத்துக்கு நடக்கும் பகுதியை வாசித்தார். வெயிலில் உப்பு கண்ணைப் பறிக்கும் இடம் அருமையாக இருந்தது. முடித்ததும் வீடியோவை அணைத்து வைத்திருந்த ஒரு பெண் குரல்: "தம்பி, கூடையை அப்படியே தலையில ஏத்த முடியாது. சும்மாடு எங்க? ஈர உப்புலருந்து தண்ணி ஒழுகும்லா, உச்சந்தலையே வெந்துபோகும்."

பத்து வருஷம் உப்பளத்தில் வேலை பார்த்தவராம். மகள் போனில் இணைப்பைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். எழுத்தாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எழுதலக்கா, விட்டுப்போச்சு. சொல்லுங்க" என்றார். அக்கா சொன்னார். பழைய சேலையைக் கிழித்துச் சுருட்டுவது, கூடையை இறக்கியதும் அதைப் பிழிந்து உதறி மறுபடி வைப்பது, மாலையில் அது காய்ந்து உப்புப் பூத்து விறைத்துப்போவது. 40 நிமிடம் ஆகி அறுந்தது. இந்த முறை எல்லோரும் திரும்பி வந்தார்கள், அக்காவும்தான். எங்கள் மாடி அறைக்கு அவர் ஒருநாளும் வந்திருக்க மாட்டார் என்பதை நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை.

ஜூலை 26, ஞாயிறு

மலையாளத்திலிருந்து வந்த மொழிபெயர்ப்பு நூல். அங்கே 'வெள்ளம்' என்றால் தண்ணீர், 'சம்சாரம்' என்றால் பேச்சு. தெரிந்த சொல்தான் அதிகம் ஏமாற்றும் என்றார் மொழிபெயர்த்தவர். நடுவில் என் வீட்டில் கரண்ட் போய்விட்டது, மீதியைக் கேட்க முடியவில்லை.

நாவலாசிரியர் இரவு வாட்ஸ்அப்பில் நான்கு வரி அனுப்பியிருக்கிறார், சும்மாட்டோடு. அடுத்த பதிப்பில் சேர்ப்பாராம். என் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். அந்தப் பிரதியையே நாளை அக்காவுக்குத் தபாலில் அனுப்பப் போகிறேன். அவரிடம் புத்தகம் இல்லை, அன்று வாசித்த பகுதியைக் கேட்டது மட்டும்தான்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

அக்கா போன் செய்தார். புத்தகம் வந்துவிட்டது. எழுத்து பொடியாக இருப்பதால் மகள்தான் ராத்திரியில் வாசித்துக் காட்டுகிறாளாம். பென்சில் வரிகளையும் வாசித்தாளா என்று கேட்டேன். "இன்னும் அங்க வரலய்யா. அவ தூங்கிருதா. அடுத்த கூட்டம் என்னைக்கு?" என்றார்.