டெத் பெனிஃபிட்டுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சங்கம் தாத்தா காலத்திலிருந்தே டெத் பெனிஃபிட் நடத்தி வந்தது. மாதச் சந்தா கட்டும் குடும்பத்தில் யாராவது இறந்தால் சங்கம் குறிப்பிட்ட தொகையைக் கொடுத்துவிடும். பெட்டி, வண்டி, கிளேர் எஸ்டேட்டில் தகனம், பதினாறாம் நாள் கருமாதி எல்லாவற்றுக்கும் அது ஓரளவு தாங்கும். 2021 கொரோனா அலையில் அடுத்தடுத்துச் சாவு விழுந்தபோது கையிருப்பு கரைந்தது. யாருக்கும் பாக்கி வைக்கவில்லை. ஆனால் அலை இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் கடைசிக் குடும்பத்துக்கு என்ன கொடுத்திருப்போம் என்ற கேள்வி, செயலாளரான என்னை விடவில்லை.

வழக்கறிஞரிடம் போனபோது சட்டமும் அதே இடத்தில்தான் நிற்கிறது என்று தெரிந்தது. 2018 ஜூலை 1 முதல் அமலில் உள்ள 2017ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டப்படி, சந்தா வாங்கிக்கொண்டு 'சாவுக்கு இவ்வளவு தருவோம்' என்று உறுதி சொன்னால் அது காப்பீட்டுத் தொழில். லைசென்ஸ் இல்லாமல் செய்யக் கூடாது. எங்களைப் போன்ற சங்கம் தானே லைசென்ஸ் வாங்குவது நடக்காத காரியம்: சிறுகாப்பீடு மட்டும் செய்யும் நிறுவனத்துக்கே குறைந்தது 4 மில்லியன் ராண்ட் மூலதனம் வேண்டும், முழு அளவு நிறுவனத்துக்கு 15 மில்லியன். எனவே லைசென்ஸ் உள்ள ஒரு காப்பீட்டு நிறுவனத்தின்கீழ் குரூப் பாலிசியாக மாறுவது என்று முடிவெடுத்தோம்.

முதலில் வந்தவர் ஒரு இறுதிச்சடங்கு நிறுவனத்துக்காரர். பிரீமியம் மிகக் குறைவு. 'எங்களிடம் லைசென்ஸ் இருக்கிறது அண்ணா' என்று எஃப்எஸ்பி எண்ணை, அதாவது நிதிச் சேவை வழங்குநருக்கான லைசென்ஸ் எண்ணைக் காட்டினார். எண் உண்மையானதுதான், நிதி நடத்தை ஆணையத்தின் இணையதளத்தில் நானே பார்த்தேன். ஆனால் அந்த லைசென்ஸ் பாலிசி விற்கவும் ஆலோசனை சொல்லவும்தான். சாவு விழுந்தால் பணம் கொடுக்கும் பொறுப்பைச் சுமக்கிறவர் அண்டர்ரைட்டர். அவருக்கு லைசென்ஸ் கொடுப்பது வேறொரு அமைப்பு, ரிசர்வ் வங்கிக்குள் இருக்கும் புருடென்ஷியல் அத்தாரிட்டி. 'உங்கள் அண்டர்ரைட்டர் யார்?' என்று கேட்டதற்கு எழுத்தில் பதில் வரவே இல்லை. அத்துடன் அவரை விட்டோம். நம் ஊரில் பல குடும்பங்கள் இந்த எண்ணைப் பார்த்ததும் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுகின்றன. எனக்கு அது பெரிய கவலை.

புருடென்ஷியல் அத்தாரிட்டி வெளியிடும் பட்டியலில் உள்ள நிறுவனங்களிடம் மட்டும் விலை கேட்டோம். பட்டியலில் பெயர் இருந்தால் போதாது, இறுதிச்சடங்குக் காப்பீட்டுக்கு அனுமதி உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். அடுத்தது பணபலம். கடன்தீர்க்கும் திறனுக்கான மூலதனத் தேவை என்று ஒரு கணக்கு உண்டு. 200 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மோசமான ஆண்டு வந்தாலும் நிறுவனம் வாக்குக் கொடுத்ததைக் கொடுத்து நிற்க எவ்வளவு வேண்டும் என்பதே அது. கையில் உள்ள தகுதியான மூலதனத்தை அந்தத் தேவையால் வகுத்தால் வருகிற எண்தான் முக்கியம். ஒன்றுக்குக் கீழே போனால் அத்தாரிட்டி தலையிடும். எங்களுக்கு ஒன்றை ஒட்டி நிற்பவரே வேண்டாம் என்று சொன்னேன். ஆண்டறிக்கையில் அந்த எண்ணைத் தேடினோம், கிடைக்காத இடத்தில் கடிதம் எழுதிக் கேட்டோம்.

இவ்வளவு ஏன் என்று கமிட்டியில் சலிப்பு வந்தது. வங்கியில் போட்ட பணத்துக்கு 2024 ஏப்ரல் முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் 100,000 ராண்ட் வரை உத்தரவாதம் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் சாய்ந்தால் அப்படி ஒரு நிதி நம் நாட்டில் இல்லை. நிறுவனத்தின் சொந்த மூலதனம்தான் ஒரே தடுப்பு. ஒரு பெரிய தொழிற்சங்கத்தின் முதலீட்டு நிறுவனத்துக்குச் சொந்தமான த்ரீசிக்ஸ்டி லைஃப், 2021 டிசம்பரில் அத்தாரிட்டியின் மனுவின் பேரில் நீதிமன்றம் நியமித்த காப்பாளரின் கைக்குப் போனது. நம்மவர் நடத்துகிறார் என்பது மட்டும் மூலதனம் ஆகிவிடாது.

விலை பேசியதைவிடக் கடினமாக இருந்தது காத்திருப்புக் காலம், அதாவது சேர்ந்த புதிதில் சாவு விழுந்தாலும் பணம் கிடைக்காத காலம். இயற்கை மரணத்துக்கு ஆறு மாதம் வரை காத்திருக்க வைக்க விதி அனுமதிக்கிறது; விபத்து மரணத்துக்கு அப்படிச் செய்ய முடியாது. ஒரு பாலிசியிலிருந்து இன்னொன்றுக்கு உரிய காலத்துக்குள் மாறினால் மறுபடி காத்திருக்க வேண்டாம். ஆனால் எங்கள் நிதி பாலிசியே அல்லவே! பொதுக்கூட்டத்தில் ஒரு ஆயா எழுந்து கேட்டார்: "தம்பி, கல்யாணம் ஆன நாளிலிருந்து கட்டுறேன். இப்போ வயசாயிடுச்சுன்னு வெளியே நிறுத்துவீங்களா?" பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியைத்தான் பேச்சுவார்த்தைக்கு எடுத்துப் போனேன். பழைய உறுப்பினர் பதிவேடு, ரசீது எல்லாம் காட்டினோம். எல்லா உறுப்பினரையும் வயது பாராமல், காத்திருப்பு இல்லாமல் சேர்த்துக்கொள்ள ஒரு நிறுவனம் சம்மதித்தது. அதற்காக இளையவர்களின் பிரீமியம் கொஞ்சம் ஏறியது. சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெரியவர்கள் கட்டிய சந்தாவில்தானே நம் பெற்றோரை வழியனுப்பினோம்.

ஒப்பந்தத்தில் பெட்டி, வண்டி என்ற சேவைக்குப் பதிலாகப் பணமாகவே வாங்கும் உரிமையை எழுதி வாங்கினோம். தேவையான ஆவணங்கள் முழுவதும் கிடைத்த பிறகு இரண்டு வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. அதனால் எந்தெந்த ஆவணம் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கி, டிஎச்ஏ-1663 என்ற இறப்பு அறிவிப்புப் படிவம் முதல் அடையாள அட்டை நகல் வரை ஒவ்வொரு வீட்டுக்கும் பட்டியல் கொடுத்தோம்.

சங்கத்தில் மீதமிருந்த பணம் இப்போது உதவி நிதி. இவ்வளவு தருவோம் என்று யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. இருப்பதைப் பார்த்துக் கொடுக்கிறோம். பாலிசியைப் புதுப்பிக்கும் முன் ஒவ்வோர் ஆண்டும் நிறுவனத்தின் மூலதன விகிதத்தை எழுத்தில் கேட்பது, 1.2க்குக் கீழே வந்தால் பொதுக்குழுவைக் கூட்டுவது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். இந்த ஆண்டுக் கடிதம் போய்விட்டது.