கரியாகிப்போன போர்டிங் பாஸ்

மாநாட்டுக்குப் போய்வர டிராவல் கிராண்ட் கிடைத்ததும் பணமே கைக்கு வந்துவிட்டதாக நினைக்கும் ஜூனியர்களுக்காக இது. கையில் வருவது கடிதம் மட்டும்தான். சொந்தக் காசில் போய்வந்து, பில்லெல்லாம் சரியாக இருந்தால் பிறகு தருவார்கள். எனக்கு அந்தக் காசு அம்மா சீட்டு எடுத்துத் தந்தது.

டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஐஇடிஎம் மாநாடு. 1955-லிருந்து நடக்கிறது, எலக்ட்ரான் டிவைஸ்காரர்களுக்குத் தேர்த்திருவிழா. கேலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர் பற்றிய என் பேப்பர் தேர்வானது, பெங்களூரிலிருந்து சென்னைக்கு ஓடி விசா வாங்கியது, மேடையில் பேசியது எல்லாம் நல்லபடியாக முடிந்தது. டிக்கெட்டிலும் பிசகவில்லை. அரசுப் பணத்தில் பறப்பவர்கள் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி என்ற மூன்று ஏஜென்சிகளில் ஒன்றில்தான் டிக்கெட் போட வேண்டும் என்று 2022-இல் உத்தரவு வந்தது; சீனியர் அக்கா முன்பே மிரட்டி வைத்திருந்தார். வேறு சைட்டில் விலை குறைவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

சொதப்பல் திரும்பி வந்த பிறகு. நான்கு போர்டிங் பாஸ் துண்டுகளும் தொலையக் கூடாதே என்று யஷ்வந்த்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் லாமினேட் செய்யக் கொடுத்தேன். மெஷினின் அந்தப் பக்கம் வெளியே வந்தது அடுப்புக்கரி. தெர்மல் பேப்பர், சூடு பட்டால் கறுக்கும், அதில் எழுத்து விழுவதே அப்படித்தான். வேஃபரை, அதாவது சிப் செய்யும் தகட்டை, 800 டிகிரியில் சூடேற்றிப் பதப்படுத்துகிறவளுக்கு இது தோன்றவில்லை! "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் கடைக்காரர். எதைச் சொல்ல?

அக்கவுண்ட்ஸ் கிளார்க் தங்கவயல்காரர், நல்ல தமிழ். அட்டையை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "இதுல ஃப்ளைட் எங்கம்மா இருக்கு?" பாஸ்போர்ட் முத்திரை, மேடையில் நான் நிற்கிற போட்டோ, எதற்கும் மசியவில்லை. "ஆடிட்ல போட்டோ எல்லாம் பாக்க மாட்டாங்க. போர்டிங் பாஸ் கொண்டா." இரண்டு நடை. மூன்றாவது நடை சங்கராந்திக்கு மறுநாள்; ஆளே லீவு.

வழி சொன்னது எங்கள் லேப் டெக்னீஷியன் அண்ணன். இன்னார் இன்ன விமானத்தில் பறந்தார் என்று ஏர்லைனிடமே சான்று கேட்கலாமாம். பிஎன்ஆர், டிக்கெட் நம்பர், பாஸ்போர்ட் நகல் மூன்றையும் அனுப்பினேன். முதல் பதில், 'உங்கள் கருத்துக்கு நன்றி'. நான்காவது மெயிலுக்குத்தான் லெட்டர்ஹெட்டில் பிடிஎஃப் வந்தது. இந்த நிலை வந்தால் தள்ளிப்போடாமல் உடனே கேளுங்கள்.

கிளார்க் இரண்டு தடவை படித்தார். "இதை முதல்லயே கொண்டாந்திருக்கலாம்ல?" என்று சீல் குத்தினார். சண்டை போடத் தெம்பில்லை.

வெப் செக்-இன் செய்தாலும் கவுண்டரில் தாள் பாஸ் கேட்டு வாங்கி, சீட்டில் உட்கார்ந்ததுமே போட்டோ எடுத்துவிடுங்கள். பதிவுக் கட்டணத்தை உங்கள் கார்டிலேயே கட்டுங்கள். மாமா கார்டில் கட்டியதற்கு நான் தனியாக ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன்.

பணம் ஏப்ரலில் வந்தது. ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்குள் போன ரயில் காசு மட்டும் வெட்டு, ரசீது வைக்கவில்லை. அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "சரி, சீட்டுல இன்னும் ஏழு தவணை இருக்கு, அனுப்பு" என்றார்.