சொந்த அணியோடு பேரம்: மாதிரி ஐரோப்பிய நாடாளுமன்ற நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

யாருக்கு எந்தப் பொறுப்பு என்று இன்று அறிவித்துவிட்டார்கள். எங்கள் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் மாதிரி ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் நான் ரினியூ என்ற மிதவாத, தாராளவாத அணியின் நிழல் அறிக்கையாளர். ஒரு சட்ட வரைவை நாடாளுமன்றத்தின் சார்பில் கையில் எடுத்து நடத்துபவர் அறிக்கையாளர். அவரோடு பேச மற்ற அணிகள் தலைக்கு ஒருவரை நியமிக்கும். அப்படி நியமிக்கப்பட்டவர்களில் நானும் ஒருத்தி.

எடுத்துக்கொண்டிருப்பது இயற்கை மீட்புச் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2022 ஜூனில் முன்வைத்த வரைவு, இன்னும் எதுவும் முடிவாகாதது போல எங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. 2030-க்குள் ஒன்றியத்தின் நிலத்திலும் கடலிலும் குறைந்தது 20 சதவீதப் பரப்பில் மீட்புப் பணிகள் நடந்தாக வேண்டும் என்பது அதன் அடிப்படை.

அரைவட்ட அவையில் நாடுவாரியாக உட்காருவதில்லை, கட்சி அணிவாரியாகத்தான். உண்மையான அவையில் அணி அமைக்க, குறைந்தது 7 நாடுகளைச் சேர்ந்த 23 உறுப்பினர்களாவது வேண்டும். ஆகவே நாடுகளுக்கு இடையிலான சச்சரவு ஒவ்வோர் அணிக்குள்ளும் ஏற்கெனவே குடியிருக்கிறது. எதிரணியைப் பற்றி நிறையப் படித்து வைத்திருந்தேன். இன்றைய பட்டியலைப் பார்த்தபின் என் கவலையெல்லாம் சொந்த அணியைப் பற்றித்தான்.

மார்ச் 6, வியாழன்

அணிக் கூட்டம். பிரெஞ்சு, நெதர்லாந்து உறுப்பினர்கள் இலக்குகளில் ஒரு புள்ளிகூடக் குறையக் கூடாது என்றார்கள். பின்லாந்து உறுப்பினராக இருக்கும் தோழி, வரைவின் சதுப்பு நிலப் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, "இது இப்படியே இருந்தால் எதிர்த்து வாக்களிப்பேன்" என்றாள். அயர்லாந்து உறுப்பினர் உடனே அவளோடு சேர்ந்துகொண்டார்.

மட்கிய தாவரக் கரி படிந்த இந்தச் சதுப்பு நிலங்கள் உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் உலகின் காடுகள் அனைத்தும் சேர்ந்து தாங்குவதைவிட அதிகக் கரிமம் அவற்றில் இருக்கிறது. வடிகால் வெட்டிக் காயவிட்டால் அந்தக் கரிமம் காற்றில் கலக்கிறது. மீண்டும் நீர் தேக்குவதே மருந்து. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை, மனதார நம்புகிறேன். ஆனால் நான் நம்புவதால் வாக்கு கிடைத்துவிடாது.

வாதாடாமல் கேள்வி கேட்கத் தொடங்கினேன். யாருடைய நிலம்? யார் வடிகால் வெட்டினார்கள்? எதற்காக? அவள் நன்றாகத் தயாராகி வந்திருந்தாள். பின்லாந்தின் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சதுப்பு. அதில் பாதிக்கு மேல் மரம் வளர்க்க வடிகால் வெட்டப்பட்டது. காடுகளில் பெரும்பகுதி தனியார் குடும்பங்களின் சொத்து. "சதுப்பு திரும்பி வரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு குடும்பத்தின் காட்டில் நீரைத் தேக்கு என்று அரசு உத்தரவு போடக் கூடாது" என்று முடித்தாள்.

அவள் எதிர்ப்பது இலக்கை அல்ல, உத்தரவைத்தான். கூட்டம் தொடங்கி வெகுநேரம் கழித்துத்தான் இது வெளியே வந்தது. கடமை அரசுக்கு, தனியார் நில உடைமையாளருக்கு விருப்பத்தின் பேரில் மட்டும் என்று ஒரு வரி எழுதினேன். கரி வெட்டி எடுத்த பழைய இடங்களை மீட்பதும் இலக்கில் கணக்காகும் என்று இன்னொரு வரி, அயர்லாந்துக்காக. பிரெஞ்சு உறுப்பினர் முகம் சுளித்தார். ஆனால் சதவீதங்கள் அப்படியே இருப்பதைச் சரிபார்த்த பிறகு தலையசைத்தார்.

மார்ச் 8, சனி

உண்மையில் நடந்ததைப் படித்தேன். 2023 ஜூன் 27 அன்று சுற்றுச்சூழல் குழுவில் 44-க்கு 44 என்று வாக்குகள் சமமாகி வரைவு தோற்றது. ஜூலை 12 அன்று முழு அவையில், சட்டத்தையே நிராகரிக்கும் தீர்மானம் 312-க்கு 324 என்று வீழ்ந்தது. 12 பேர் நடுநிலை. ரினியூ அணி அன்று பிளவுபட்டு நின்றது. எதிர்த்து நின்ற ஐரோப்பிய மக்கள் கட்சியிலும் சிலர் அணியின் சொல்லை மீறினார்கள். சொந்த அணியிலிருந்து வெளியேறிய அந்தச் சில வாக்குகள்தான் சட்டத்தைக் காப்பாற்றின.

மார்ச் 11, செவ்வாய்

நிழல் அறிக்கையாளர்கள் கூட்டம். அறிக்கையாளர் சோசலிஸ்ட் அணி. "விருப்பத்தின் பேரில்" என்ற வரியைப் பசுமை அணித் தோழர் பேனாவால் வட்டமிட்டு, இந்த ஓட்டை வழியாக எல்லாம் வெளியேறிவிடும் என்றார். இது போனால் பின்லாந்தும் அயர்லாந்தும் போய்விடும், என் அணி இதற்கு மேல் நகராது என்றேன். அது உண்மை என்பதால் குரல் நடுங்கவில்லை.

சர்வதேசப் பேச்சுவார்த்தையாளர் ஒரே நேரத்தில் இரண்டு மேசைகளில் ஆடுகிறார், ஒன்று எதிரே இருப்பவரோடு, மற்றொன்று தன் நாட்டாரோடு என்று அரசியல் அறிஞர் ராபர்ட் புட்னம் 1988-இல் எழுதினார். உள்மேசையில் கை கட்டப்பட்டிருப்பதே வெளிமேசையில் சில வேளை பலம். இன்று அப்படித்தான் நடந்தது. அறிக்கையாளர் வரியை ஏற்றார். பதிலுக்கு, 20 சதவீதத்தையும் வேளாண் நில மீட்புப் பிரிவையும் தொடக் கூடாது என்றார்.

மக்கள் கட்சித் தோழரோ அந்த வேளாண் பிரிவையே நீக்கச் சொன்னார். நெருக்கடிக் காலத்தில் அதை நிறுத்திவைக்கலாம் என்ற விதியைச் சேர்க்க முன்வந்தோம். அவர் ஒப்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தன் அணியைக் கேட்க வேண்டும் என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்கும் ஓர் உள்மேசை இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

வாக்கெடுப்பு வரிசையை வைத்துக்கொண்டு இரவு வரை உட்கார்ந்தோம். மூல வரைவிலிருந்து அதிகம் விலகும் திருத்தம் முதலில் எடுக்கப்படும். அது நிறைவேறினால் அதே இடத்துக்கான மற்றவை தாமாகவே விழும். அதாவது, வேளாண் பிரிவை நீக்கும் திருத்தம் முதலில். அது வென்றால் எங்கள் சமரசம் வாக்குக்கே வராது. "இரண்டையும் ஆதரிக்கிறேனே" என்றார் அயர்லாந்து உறுப்பினர். முதலாவதை எதிர்த்தால்தான் இரண்டாவது உயிரோடு இருக்கும் என்பதை வரிசையில் விரல் வைத்துக் காட்டினேன்.

மார்ச் 15, சனி

நீக்கும் திருத்தம் 28-க்கு 30 என்று தோற்றது. அடுத்து சமரசத் திருத்தம். ஆதரிக்கச் சொல்லி எங்கள் அணியின் கொறடா முன்வரிசையில் கட்டைவிரலை உயர்த்தினாள். பின்லாந்துத் தோழி அந்த விரலைப் பார்க்கவே இல்லை. தன் தாளில் அந்த ஒரு வரியை மீண்டும் படித்தாள், பிறகு கை உயர்த்தினாள். 33 ஆதரவு, 22 எதிர்ப்பு. மக்கள் கட்சியிலிருந்து மூன்று பேர் நடுநிலை. அவர்களில் தாளை மடித்து எடுத்துப் போன அந்தத் தோழரும் ஒருவர்.

மார்ச் 17, திங்கள்

அடுத்தது முத்தரப்புப் பேச்சு: நாடாளுமன்றம், ஆணையம், உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் அடங்கிய மன்றம். மன்றத்தில் 27 நாடுகளில் 15-ம், மக்கள்தொகையில் 65 சதவீதமும் வேண்டும். 2024 ஜூன் 17 அன்று இந்தச் சட்டத்துக்கு உண்மையில் கிடைத்தது 66.07. ஆஸ்திரிய அமைச்சர் தன் கூட்டணித் தலைமையின் எதிர்ப்பை மீறி ஆதரித்ததால்தான் அதுவும்.

நான்கு நெடுவரிசைகள் கொண்ட ஆவணத்தைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டேன்: மூன்று தரப்பின் வாசகங்கள், கடைசி நெடுவரிசை ஒப்பந்தத்துக்கு. எங்கள் பேச்சுக் குழுவில் பின்லாந்துத் தோழியையும் சேர்க்கும்படி அறிக்கையாளரிடம் கேட்டிருக்கிறேன். மன்றத்தில் பின்லாந்தாக வரும் மாணவர் அந்த வரியைத்தான் முதலில் தேடுவார். அதை யாருக்காக எழுதினோம் என்று அவரிடம் சொல்லத் தகுதியானவள் அவள்தான்.