கிழிஞ்ச கவர்ஆலை தூக்கிப் போடாதீங்க, ஆனா ஹார்னஸை வெட்டிருங்க

எங்க வீட்டுக்காரருக்கு சிங்கப்பூர் துவாஸ்ல ஒரு கப்பல் யார்டுல வேலை. கவர்ஆல் (சட்டையும் பேண்டும் ஒண்ணா இருக்கிற வேலை உடுப்பு), பூட்ஸ், க்ளவ்ஸ், ஹெல்மெட், உயரத்துல வேலை செய்றப்போ விழாம இருக்க உடம்புல மாட்டுற ஹார்னஸ் பெல்ட் எல்லாம் தேய்ஞ்சா புதுசு குடுத்துருவாங்க, பழசு பூரா வீட்டுக்கு வந்துரும். நாலு ரூம் வீட்ல சாமான் போட இருக்கிறது பாம் ஷெல்டர்னு சொல்ற கெட்டிச் சுவர் ரூம் ஒண்ணுதான், அதுல எவ்வளவுதான் அடைக்கிறது? ரப்பிஷ் ஷூட்ல, அதான் மாடியிலருந்து குப்பை போடுற குழாயில, போடவும் மனசு வராது, ஏன்னா இங்க நாம போடுற குப்பை எரிஞ்சு சாம்பலா செமக்காவ் தீவுக்குத்தான் போகுது, 1999ல ஆரம்பிச்ச அந்த இடம் 2035 வாக்குல நெறைஞ்சிரும்னு கணக்கு சொல்றாங்க. அதோட கவர்ஆல் துணி மாதிரி திக்கான துணிய காசு குடுத்து வாங்கப் போனா விலை தெரியும்.

கவர்ஆல்ல மொதல்ல கிழிஞ்சு போறது முழங்கால், முழங்கை, தொடை இடுக்கு. முதுகுப் பக்கம் பெரும்பாலும் நல்லா இருக்கும், அதான் பெரிய பீஸ், அதுல ஒரு ஏப்ரனும் தெக்கா மார்க்கெட்டுக்குக் கொண்டு போற பையும் தைச்சிரலாம். மிஷின்ல 16 நம்பர் ஊசி போடுங்க, சாதா ஊசி இந்தத் துணியில ஒடஞ்சிரும். முன்னாடி இருக்கிற நீள ஜிப்பை தையல் பிரிச்சு எடுத்து வச்சுக்கங்க, குஷன் உறைக்கு அவ்வளவு ஸ்ட்ராங்கான ஜிப் கடையில கெடைக்காது. கால் பகுதிய குழாய் மாதிரி வெட்டி ஒரு முனைய தைச்சு, மிச்ச துண்டுத் துணியெல்லாம் உள்ள திணிச்சு இன்னொரு முனையயும் மூடிட்டா கதவடியில போட்டுக்கலாம், தூசியும் வராது கரப்பானும் வராது. எங்க அத்தை இதை மூணு கதவுக்கும் கேட்டு வாங்கிட்டாங்க. கம்பெனி பேரு, லோகோ இருக்கிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்துருங்க, வேற யாராவது அதைப் போட்டுட்டு கேட்ல நொழையக் கூடாது.

சூடான சட்டி பிடிக்கிற துணி தைக்கணும்னா மொதல்ல ஒரு நூலை உருவி சிங்க்ல வச்சு கொளுத்திப் பாருங்க. காட்டன்னா பேப்பர் மாதிரி எரிஞ்சு சாம்பலாகும், பாலியெஸ்டர் கலந்திருந்தா உருகி கறுப்பா கெட்டியா உருண்டையாயிரும், அந்த மாதிரி துணிய அடுப்புப் பக்கமே கொண்டு போகாதீங்க, கையில ஒட்டிக்கும்.

ஆனா எதை வெட்டுறதுக்கு முன்னாடியும் அந்த உடுப்பு வேலையில எதுமேல பட்டுச்சுன்னு கேளுங்க. பழைய பெயிண்ட் சுரண்டுற வேலை, பழைய இன்சுலேஷன் பிரிக்கிற வேலைன்னா அதுல ஈயம், ஆஸ்பெஸ்டாஸ் தூள் இருக்கலாம், அது வீட்டுக்கே வரக் கூடாது, பிள்ளைங்க துணியோட தொவைக்கவே கூடாது. தின்னர் நாத்தம் போகாத துணியும் வேணாம். மரத்துக்குப் பூசுற லின்சீட் எண்ணெய் பட்ட துணிய சுருட்டி மூலையில போட்டா தானாவே சூடேறி தீப்பிடிக்கும், இது நெறைய பேருக்குத் தெரியாது.

பூட்ஸ்ல செடி வைக்கிறதை நான் சொல்ல மாட்டேன். பாக்க அழகாத்தான் இருக்கும், ஆனா நெறைய பூட்ஸ்ல அடிப்பக்கம் பாலியூரித்தேன்னு ஒரு வகை பிளாஸ்டிக், நம்ம ஊரு ஈரக் காத்துல அது சும்மா வச்சிருந்தாலே உதிரும். மேல் தோலை மட்டும் வெட்டி நாற்காலி காலுக்கு ஒட்டிக்கங்க, தரையில கீறல் விழாது.

ஹெல்மெட்டும் அப்படித்தான். தண்ணி போக ஓட்டை போடாம மணி பிளாண்ட் வச்சா ஒரு வாரத்துல டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு வளந்து பறந்துரும். காரிடார்ல வரிசையா தொங்க விட்டாலும் நடக்கிற வழி 1.2 மீட்டர் விட்டிருக்கணும். தயவு செஞ்சு பையனுக்கு சைக்கிள் ஓட்ட குடுத்துராதீங்க, அது மேலருந்து விழுற சாமானுக்காக செஞ்சது, பக்கவாட்டுல அடி பட்டா தாங்குற மாதிரி செஞ்சதில்ல, அதோட வெயில்ல கெடந்த பிளாஸ்டிக் பாக்க நல்லா இருந்தாலும் மொறுமொறுன்னு ஆயிருக்கும்.

ஹார்னஸ் விஷயத்துல நான் ரொம்பக் கண்டிப்பு. உயரத்துல இருந்து விழுந்தவரை ஒரு தடவை தாங்கிப் பிடிச்ச ஹார்னஸை மறுபடி யாரும் போடக் கூடாது, பழசாகி கழிச்சதும் அப்படித்தான். பெல்ட்டை துண்டு துண்டா வெட்டிட்டுத்தான் வெளிய போடணும், முழுசா போட்டா யாராவது நல்லாருக்கேன்னு எடுத்து மாட்டிட்டு ஏறிருவாங்க, ஒரு உயிரு போயிரும். வெட்டின பெல்ட்டு பைக்கு கைப்பிடி தைக்க நல்லா வரும், அதோட சரி, ஊஞ்சல் கட்ட, ஏணி கட்ட எல்லாம் வேணாம்.

கடைசியா லெதர் க்ளவ்ஸ். வலது கைக்காரங்களுக்கு வலது க்ளவ்ஸ்தான் முதல்ல ஓட்டையாகும், எடது பக்கம் நெறைய சேந்துரும். அதை டுரியானுக்கு வச்சுக்கலாம், முள்ளுத் தோல் இருக்கிற அந்தப் பழத்தை வெட்டுறப்போ புடிக்கிறது எடது கைதானே! முள்ளுத் தோலைப் புடிக்க மட்டும்தான், சொளைய தொட வேணாம். நனைஞ்சா நெழல்ல காயவச்சு கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேச்சு வைங்க, வெயில்ல போட்டா தோல் வெறச்சுப் போயி விரலே மடங்காது.